விட்டுப்போன முப்பது அடி

ஓய்வு பெற்ற அன்று நல்லசாமி செய்த முதல் காரியம், தோட்டத்தில் போட்டுத் தேய்த்த ரப்பர் பூட்ஸ் இரண்டையும் மம்பாவ் ஊரில் தன் வீட்டு வாசலில் இருந்த குப்பைத்தொட்டிக்குள் போட்டு மூடியதுதான். முப்பத்து நான்கு வருஷம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் வேலை. விடியுமுன்னே ஆள் பிரித்து அனுப்பிவிட்டு, குலை வெட்டுகிறவர்களின் பின்னாலேயே நிரை நிரையாக நடந்து, மேடேறிப் பள்ளமிறங்கி, அட்டைக்கடி வாங்கிச் சலித்த கால்கள் அவை.

"ஒரு மனுசனுக்கு எழுதி வெச்ச நடையெல்லாம் நான் நடந்து முடிச்சாச்சு. இனிமே வாசல் தபால் பொட்டிக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். சொன்னதோடு விட்டாரா? மூலைக்கடையில் ரொட்டி வாங்கக்கூடக் காரை எடுத்தார். நூறு அடி இருக்காது அந்தக் கடை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வாய்த்த பெண்டாட்டி லோகேஸ்வரி, ஐம்பத்தாறு வயதில் மாநிலத்தைக் குறுக்கே நடந்து தீர்ப்பேன் என்று கிளம்பினாள் பாருங்கள்!

அவள் கதை நேர் எதிர். இருபத்தேழு வருஷம் மின்சாமான் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தே வேலை பார்த்தவள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மரத்துப் போனதுதான் மிச்சம். வேலையை விட்ட பிறகு அடுத்த வீட்டுப் பெவர்லியோடு மாலையில் நடக்க ஆரம்பித்தாள். பெவர்லி ஆஸ்பத்திரித் தாதி. விடுமுறை கிடைத்தால் மலையேறப் போய்விடுகிற பெண். அவள்தான் ஒருநாள் பேச்சுவாக்கில், சில நாடுகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதைகள் இருப்பதையும், ஒரேயடியாக நடக்க முடியாதவர்கள் துண்டு துண்டாக நடப்பதையும் சொன்னாள். இன்றைக்குக் கொஞ்சம் நடந்து நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்களாம். அடுத்த மாதமோ அடுத்த வருஷமோ வந்து, நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்குவார்களாம்.

லோகேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள்.

"விட்ட எடத்துலேர்ந்தா? சரியா அதே எடம்?"

"அதே எடம்தான் ஆண்ட்டி. நடுவுல ஒரு அடி விட்டாலும் முழுசா நடந்ததாச் சொல்லிக்க மாட்டாங்க."

அந்த ஒரு பேச்சு போதுமாயிருந்தது அவளுக்கு. ஏனென்றால் லோகேஸ்வரியின் வாழ்க்கையில் எதுவுமே முடிந்ததில்லை. ஐந்தாம் படிவப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அம்மா படுத்த படுக்கையானாள்; தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். தையல் வகுப்பு எட்டு மாதம் போனாள். சான்றிதழ் வாங்குமுன் கல்யாணத் தேதி வந்துவிட்டது. பிறகு சாயங்காலக் கணினி வகுப்பில் சேர்ந்தாள். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் காரணம் வேறு யாரோ, கெட்ட பெயர் மட்டும் அவளுக்கு. "லோகேஸ் எதத்தான் முழுசாச் செஞ்சா?" என்று சொந்தத்தில் ஒரு பேச்சாகவே ஆகிப் போனது. அதை நல்லசாமியும் கேலியாக இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறார், பொய் சொல்வானேன்.

"மாநிலத்துக்கு இந்தக் கோடி லாபுலேர்ந்து அந்தக் கோடி கெமாஸ் வரைக்கும் நடக்கப் போறேன். தோட்டம் தோட்டமாப் பூந்து போவேன். ஒரு அடி விடாம நடப்பேன். இத மட்டும் முழுசா முடிச்சிட்டா போதுங்க எனக்கு" என்றாள்.

நல்லசாமி சிரிக்கவில்லை. அவள் கேட்ட விதம் அப்படி. "நடக்கிறது ஒன் வேல. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன், போ லா" என்று சொல்லிவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, பார்த்தும் கொண்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு தடவைக்கு எட்டு கிலோமீட்டர், ஆக இருபத்து நான்கு துண்டு என்று திட்டம் போட்டவர் அவர்தான். எந்தத் தோட்டத்தில் எந்தச் செம்மண் ரோடு எங்கே போய்ச் சேரும் என்பது அவருக்கு அத்துப்படி. முதல் நாளே அந்தந்தத் தோட்டத்து மண்டோருக்கோ கணக்கெழுதுகிற கிராணிக்கோ போன் போட்டு, "நம்ம வீட்டுக்காரம்மா நடந்து வரும்பா, பழம் திருட வந்த ஆளுன்னு நெனச்சிடாதீங்க" என்று அனுமதி வாங்கிவிடுவார். விடிவதற்குள் அவளை இறக்கிவிட்டு, சுற்றிக்கொண்டு அடுத்த முனைக்குப் போய்க் காத்திருப்பார். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி, நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலம், மாற்றுக் காலுறை, அட்டைக்கு உப்பு என்று எல்லாம் காரில் தயாராக இருக்கும். காரை விட்டு மட்டும் இறங்க மாட்டார். இறங்குவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அவள் வந்து நின்ற இடத்தில், ரோட்டோரச் செம்பனையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பட்டை போடுவார். அதுதான் நிறுத்திய இடம். அடுத்த தடவை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

எங்கே இறக்கிவிடுவது, எங்கே நிறுத்துவது என்பதில் லோகேஸ்வரி தலையிட்டதே இல்லை. இருட்டோடு இருட்டாகக் காரிலிருந்து இறங்குவாள், நெற்றி விளக்கைப் போடுவாள், "வரேங்க" என்று சொல்லி முன்னால் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

இப்படியே இருபத்திரண்டு துண்டு முடிந்தது. இருபத்து மூன்றாவது துண்டில்தான் சனி பிடித்தது.

கெமென்சே தாண்டி ஒரு தோட்டம். காலை ஆறரை. போன தடவை போட்ட சிவப்புப் பட்டையைத் தாண்டி வழக்கமாக நிறுத்துகிற இடத்தில், டயர் வெடித்த பழ லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் நல்லசாமி காரைப் பட்டை போட்ட மரத்துக்கு நேராகவே நிறுத்தினார். லோகேஸ்வரி இறங்கி, லாரியைச் சுற்றிக்கொண்டு போனாள். விளக்கு வெளிச்சம் தூரத்தில் ஆடிக்கொண்டே சின்னதாகி மறைந்தது.

நல்லசாமிக்கு மட்டும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. 'முடிஞ்ச மரத்த ஏன் மறுபடியும் குடுத்தோம்?' என்று தோன்றியது.

குலை வெட்டில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய வேலை எந்த மரத்தோடு நிற்கிறதோ அதில் மண்டோர் அடையாளம் போடுவார். மறுநாள் வேலை அதற்கு அடுத்த மரத்திலிருந்து. வெட்டி முடித்த மரத்தை யாருக்கும் திரும்பக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் ஆட்கள் சிரிப்பார்கள். முப்பத்து நான்கு வருஷம் அவர் கை அதையே செய்து பழகியிருந்தது. பட்டை போட்ட மரம் முடிந்த மரம். அதனால் ஒவ்வொரு ஞாயிறும், யோசிக்காமலேயே, அடுத்த மரத்துக்கு நேராகக் காரை நிறுத்தி, "எறங்கு லா" என்று சொல்லியிருக்கிறார்.

தேத்தண்ணிக் குவளை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

"அடப் பாவி!" என்று தன்னைத் தானே சத்தமாகத் திட்டிக்கொண்டார். "இங்க என்னாடா குலையா வெட்டுறா? அவ நடக்கிறாடா!"

மரத்துக்கு மரம் முப்பது அடி. இந்தத் தடவை லாரி புண்ணியத்தில் தப்பித்தது. மற்றபடி துண்டும் துண்டும் சேருகிற இருபத்தொரு இடத்திலும் முப்பது முப்பது அடி ஓட்டை விழுந்திருக்கிறது. ஒன்றுகூட அவள் விட்டதில்லை. இருபத்தொன்றும் இவர் கைவண்ணம்.

காரைத் திருப்பி, சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தார். பசியாறப் பிடிக்கவில்லை. பத்து மணிக்குப் பெவர்லி போன் போட்டாள்.

"அங்கிள், இந்தத் தடவ ரெண்டு வாரம் இல்ல, அடுத்த ஞாயிறே கடைசி செக்‌ஷன், மறந்துடாதீங்க. முப்பது பேரு வராங்க. டீ-சர்ட் அடிக்கக் குடுத்தாச்சு. என்னா எழுதியிருக்கேன் தெரியுமா? 'லாபு முதல் கெமாஸ் வரை, ஓர் அடி விடாமல்!'"

நல்லசாமி இழுத்தார். "அந்த ஓர் அடி விடாமல்ங்கிறது... கட்டாயம் போடணுமா?"

"ஐயோ அங்கிள், அதானே மெயின்!"

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்குத் தெரியும்? தனக்குத் தெரியும், செம்பனைக்குத் தெரியும். செம்பனை பேசாது. நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டரில் அறுநூற்று முப்பது அடி ஒரு தூரமா? சமையலறைக்கும் கொல்லைக்கும் ஒரு நாளைக்கு அவள் அதைவிட அதிகமாக நடக்கிறாள். சொல்லாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக முடியும். சொன்னால் அந்தச் சந்தோஷம் போச்சு.

ஆனால் நல்லசாமி மண்டோராக இருந்த காலத்தில், வெட்டாத நிரையை வெட்டியதாகச் சொன்ன ஆட்களைப் பிடித்தவர். "வேல விட்டுப்போனா பரவால்ல, விடலன்னு சொன்ன பாரு, அதுதான்டா எனக்கு ஆகாது" என்று எத்தனை பேரை நிற்க வைத்துக் கேட்டிருப்பார்! இப்போது முப்பது பேர் கைதட்டும்போது அவளுக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்ட வேண்டுமா? அவருக்குக் கூசியது.

பத்தரை மணி வாக்கில் லோகேஸ்வரி வந்தாள். முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க!" என்று விரலைக் காட்டிக்கொண்டே வந்தாள். நல்லசாமி பட்டையைப் போட்டார். அவள் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார். சாப்பிட விட்டார். அவள் நாசி லெமாக்கில் பாதி சாப்பிட்ட பிறகு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

அவள் மெல்லுவது நின்றது.

"எத்தன எடம்?"

"இருவத்தொண்ணு."

"ஒவ்வொண்ணும்?"

"முப்பது அடி."

அவள் பொட்டலத்தை மடித்தாள். "ஒரு வருசம் ஆச்சுங்க. இருட்டுல எறங்குன்னா எறங்குவேன். இதுதான் எடமான்னு ஒரு நாள் கேட்டிருப்பேனா ஒங்கள?"

"கேக்கல."

"ஏன் கேக்கல தெரியுமா? நீங்க மண்டோரு. நெலத்துல நீங்க தப்பு பண்ண மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் எழுந்து போய்ப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் ஓட்டிய வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான். மம்பாவ் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்தும் இல்லை. அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசின, அதுவும் பலமாக. அன்று நல்லசாமி ஊறுகாய் கேட்கக்கூடத் துணியவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் கண் விழித்தபோது, லோகேஸ்வரி நடைச் சப்பாத்தின் கயிறை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டை போட்ட மரமெல்லாம் ஒங்களுக்குத்தானே தெரியும்?"

"தெரியும்."

"அப்ப கார எடுங்க."

"எங்க?"

"லாபுக்குத்தான். மொத ஓட்ட அங்கதானே இருக்கு? ஞாயித்துக்கெழம சட்டையில என்னா எழுதியிருக்கோ அது நெசமாயிருக்கணும். ஆறு நாள் இருக்கு. முடியாதா?"

நல்லசாமிக்கு உயிர் திரும்பி வந்தது. "அஞ்சே நாள்ல முடிச்சுக் காட்டுறேன், பாரு" என்றார்.

ஆரம்பமானது ஒரு கூத்து. முக்கால் மணி நேரம் கார் ஓடும். ஒரு தோட்டத்துக்குள் நுழையும். லோகேஸ்வரி இறங்கி முப்பது அடி நடப்பாள். திரும்ப ஏறிக்கொள்வாள். மறுபடி அரை மணி நேரம் ஓட்டம், மறுபடி முப்பது அடி நடை. சிவப்புப் பட்டையை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் புறப்படுவாள். "நீங்க அந்த அடுத்த மரத்துல போய் நில்லுங்க. எறக்கிவிட்ட எடத்த நீங்கதான் காட்டணும்" என்று நல்லசாமியையும் காரிலிருந்து இறக்கிவிட்டாள். தபால் பெட்டியோடு நடையை முடித்துக்கொண்ட மனுஷர், பட்டை தேடி ஒவ்வொரு ரோட்டிலும் மரம் மரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார். வாயைத் திறந்து ஒரு முணுமுணுப்பு வரவேண்டுமே! வரவில்லை.

ரெம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் நேப்பாளக் காவலாளி ஓடி வந்தான். ஒரு அம்மாள் மரத்தைத் தொடுகிறாள், பத்து எட்டு எடுத்து வைக்கிறாள், அடுத்த மரத்தைத் தொடுகிறாள், காரில் ஏறுகிறாள். அவனுக்கு என்ன புரியும்?

"அப்பா பூவாட், மக்சிக்?" என்று கேட்டான். இங்கே என்ன செய்கிறீர்கள் அம்மா என்று.

"ஜாலான் சாஜா" என்றாள் லோகேஸ்வரி கம்பீரமாக. சும்மா நடக்கிறேன்.

அவன் காரைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், நல்லசாமியைப் பார்த்தான். நல்லசாமி தலையை ஆட்டி, "பெத்தூல், பெத்தூல்" என்று ஆமோதித்தார். காரில் ஏறிய பிறகு லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றுதான் அவள் முன் சீட்டுக்கு வந்தாள். நல்லசாமிக்குப் பாதி பாரம் இறங்கியது.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் இருபது இடம் முடிந்தது. மிச்சம் ஒன்றுதான். பதினான்காவது துண்டும் பதினைந்தாவது துண்டும் சேருகிற இடம், தம்பின் ஊருக்கு இந்தப் பக்கம். புதன்கிழமை அங்கே போனபோதே நல்லசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டிருந்தது. காடு என்று சொல்லப்படும் அந்தத் தோட்டப் பகுதியில் ஒரு மரம்கூட இல்லை. மறுநடவுக்காக எக்ஸ்கவேட்டர் விட்டு அத்தனை செம்பனையையும் சாய்த்து, சீவி, மண்ணைப் புரட்டியிருந்தார்கள். பழைய ரோடும் இல்லை, கால்வாயும் இல்லை. அந்தத் தோட்டத்து மண்டோர் புனிதன் விடுப்பில் இருந்தான். அவன் சனிக்கிழமை வருவான், அவனிடம் பழைய வரைபடம் இருக்கும் என்று சொன்னார்கள். ஆகவே அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மதியம் புனிதன் வரைபடத்தைக் காரின் முன்மூடியில் விரித்தான். நாற்பது வயது ஆள். நல்லசாமியை நன்றாகத் தெரியும்.

"அண்ணே, இதுல காட்டு நம்பரு இருக்கு, ரோடு இருக்கு. ஒத்த ஒத்த மரமெல்லாம் எங்க இருக்கும்? நீங்க எந்த எடத்துல பெயிண்ட் அடிச்சீங்க?"

"ஒரு மதகுக்குப் பக்கத்துல."

"மதகு அஞ்சு இருந்துச்சுண்ணே. அஞ்சையும் தோண்டி எடுத்தாச்சு."

நல்லசாமி வெட்டவெளியில் இறங்கி நடந்தார். செம்மண்ணில் புதிதாக வெட்டிய படிப்படியான வரிசைகள். கன்று நடுவதற்காக முப்பது அடிக்கு ஒரு குச்சி ஊன்றியிருந்தார்கள். முன்னே போனார், பின்னே வந்தார், எதிர் மேட்டைக் கண்ணால் அளந்தார். நிலத்தைப் பார்த்து இடம் சொல்வதில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் பெயர் எடுத்தவர். அந்த நிலம் அவருக்கு இப்போது முகம் காட்ட மறுத்தது.

புனிதன் தலைக்கவசத்தைக் கழற்றி விசிறிக்கொண்டான். "ஏதாவது ரெண்டு குச்சியப் புடிங்கண்ணே. அக்கா முப்பது அடி நடந்துட்டுப் போகட்டும். யாரு வந்து அளக்கப் போறா? வெயிலப் பாருங்க லா."

உண்மைதான். மணி ஒன்று. ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. லோகேஸ்வரியின் வலது குதிகாலில், போன ஞாயிறு நடையில் வந்த கொப்புளம் உடைந்து காலுறையில் ரத்தம் ஊறியிருந்தது. மறுநாள் எட்டு கிலோமீட்டர் இருக்கிறது. முப்பது பேர் காத்திருப்பார்கள்.

அவள் கொஞ்சம் தள்ளி நின்று நல்லசாமியைப் பார்த்துக் கேட்டாள்: "எந்த எடங்க?"

அவருக்கு முன்னால் இரண்டு குச்சிகள் இருந்தன. கையை நீட்டினால் போதும். 'இதுதான்' என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அவள் கால் வலிக்கக்கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் வந்த சொல்தான் அது. நல்லசாமி அதை விழுங்கினார்.

"தெரியல லோகேஸ்" என்றார். "இந்தக் காட்டுக்குள்ளதான். ஆனா எந்த எடம்னு எனக்குத் தெரியல. தெரியும்னு சொன்னா பொய்."

புனிதன் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

லோகேஸ்வரி மேட்டையும் பள்ளத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, "இந்த மொட்டக்காடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?" என்று புனிதனிடம் கேட்டாள்.

"அதோ அந்தப் பெரிய மரம் நிக்குதே, அதுலேர்ந்து அந்தக் கோடி மரம் வரைக்கும்க்கா. ஒண்ணரக் கிலோமீட்டர் வரும்."

"அப்ப அங்கேர்ந்து அங்க வரைக்கும் நடந்துட்டா, அந்த முப்பது அடி எங்க கெடந்தாலும் என் காலுல பட்டுரும் இல்ல?"

"பட்டுரும்க்கா. ஆனா ஒண்ணரக் கிலோமீட்டர் இந்த வெயில்ல..."

"நீங்க கோடி மரத்துல போய் நில்லுங்க" என்று நல்லசாமியிடம் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே பெரிய மரத்தை நோக்கிப் போய்விட்டாள்.

நல்லசாமி காரைக் கொண்டுபோய்க் கோடி மரத்தடியில் நிறுத்தினார். உள்ளே குளிர்காற்று ஓடிக்கொண்டிருந்தது. தன் தப்பை அவள் வெயிலில் நடந்து தீர்க்கும்போது குளிர்காற்றில் உட்கார அவருக்குப் பொறுக்கவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு, வெளியே வந்து வெயிலில் நின்றார். தூரத்தில் அவள் ஒரு சின்ன நீலப் புள்ளியாகக் கிளம்பி வந்தாள். பள்ளத்தில் இறங்கிக் காணாமல் போனாள். மேட்டில் ஏறி மறுபடி தெரிந்தாள். ஒரு இடத்தில் நின்று குனிந்து குதிகாலைப் பிடித்தாள். 'போதும், வந்துடு' என்று கத்த வாயெடுத்து, கத்தாமல் விட்டார். அது அவர் சொல்ல வேண்டிய பேச்சல்ல. அவளிடம் போதும் போதும் என்று சொன்னவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. முகம் செக்கச் செவேலென்று, வேர்வை சொட்டச் சொட்ட அவள் வந்து கோடி மரத்தைத் தொட்டாள். அவர் நீட்டிய தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதுங்க. இதுல எங்கயோ நடந்துட்டேன்."

"முடிஞ்சுது லோகேஸ். இப்ப ஒரு அடி பாக்கி இல்ல."

அவள் சப்பாத்தைக் கழற்றினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலுறையை மெதுவாக உருவினார். கொப்புளத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், தனக்கே வலித்ததுபோல.

"ஒரு குச்சியக் காட்டியிருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பேன்" என்றாள்.

"தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு."

"அன்னிக்கு ஓட்ட விழுந்ததச் சொல்லாம விட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

லோகேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எவ்வளவோ பாதியில நின்னு போச்சுங்க. நின்னப்பல்லாம் எல்லாரும், விடு லா, பரவால்ல லான்னு சொன்னாங்க. அப்புறம் நான்தான் விட்டுட்டேன்னு சொன்னாங்க. என்னாலதான் ஒனக்கு இது நின்னுச்சுன்னு இத்தன வருசத்துல ஒருத்தர் வந்து எங்கிட்ட சொன்னதில்ல. எங்கம்மா சொல்லல. ஒங்கம்மா சொல்லல. நீங்கதாங்க மொத ஆளு."

நல்லசாமி காலுறையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். புனிதன் மோட்டாரில் பின்னாலேயே வந்தவன், தூரத்திலிருந்து இதைப் பார்த்துவிட்டு நாசூக்காக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

லோகேஸ்வரி அவர் தோளைத் தட்டினாள். "போதும், அழுவாதீங்க. நாளைக்குக் காலையில இருட்டுல ஓட்டணும், கண்ணு வீங்கிப் போயிடப் போவுது. அந்தப் பட்டைக்கு நேரா நிறுத்துவீங்களா?"

"கதவத் தெறந்தா மரம் ஒன் மூக்குல இடிக்கும், பாரு" என்றார் நல்லசாமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.